கொட்டக் கூடாத டப்பா

மூத்திரப்பை வார்டுல நர்ஸ் வேலைன்னா, ஊரே வெளிய சொல்லக் கூசுறத காதுல வாங்கணும், டாக்டர் வாங்க வேண்டிய திட்டையும் சேர்த்து வாங்கணும். நீங்களும் நர்சுங்கதான், எம் பொழப்புதான் உங்க பொழப்பும், அதனால என் வயித்தெரிச்சல உங்ககிட்டதான் கொட்ட முடியும்.

சாயம்னு நெனச்ச ரத்தம்

செல்வராணி ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துல கலர்ப்புகைப் பட்டாசுக்குச் சாயப்பொடி சலிக்கிறவ. மாசக்கணக்கா மூத்திரம் செவப்பாப் போயிருக்கு. ஃபோர்மேன் "சூடு, மோரு குடி"ன்னு அனுப்பிட்டானாம். பாவி மனுசன்! ஏம்மா இம்புட்டு நாளா வரலன்னு கத்திட்டேன். அவ சொன்னா:

"துப்புனா எச்சியே செவப்பாத்தான வருது சிஸ்டர், இதும் சாயம்னு இருந்துட்டேன்."

ஒரே பேரு, வேற குணம்

மூத்திரப்பையில இருந்த கட்டியச் சுரண்டி எடுத்துப் பார்த்தா புத்துநோய். அதுலயும் வகை இருக்கு. ஒரு வகையில நம்ம ஒடம்போட எதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள்ளயே புகுந்து நிக்கும், அதுகளத் தட்டி எழுப்புற ஊசி கேக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு வகையில அதுக கட்டிக்கு வெளியவே நின்னுரும், ஊசி அம்புட்டாக் கேக்காது. வகை தெரிஞ்சாத்தான் டாக்டரு முடிவெடுக்க முடியும். அந்தச் சோதனை மதுரையிலதான். கொண்டுபோக எங்க ஆஸ்பத்திரியில ஆளு கிடையாது. பொண்டாட்டி சதைய டப்பாவுல போட்டு புருசன் கையிலயே குடுக்குறோம், வெக்கங்கெட்ட வழக்கம்! ஆலங்குளம் சிமெண்ட் ஆலை வேலைக்கு லீவு போட்டு வந்த அவ புருசன் முத்துராஜ் சொன்னாரு:

"குடுங்க சிஸ்டர், மடியிலயே வச்சுக் கொண்டுபோறேன்."

பஸ்ஸுல ஒரு வாடை

மூடி சரியா இறுகல. சதை கெடாம இருக்க ஊத்துன ஃபார்மலின் தண்ணி வாடை பஸ் பூரா ஏறிருச்சு. "பட்டாசுக் கெமிக்கலா? எறங்குய்யா!"ன்னு கண்டக்டர் விசிலடிச்சுட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியல, வெடிவிபத்து பார்த்த ஊரு. பயந்துபோன முத்துராஜ் ரோட்டோரம் தண்ணியக் கொட்டிட்டு, சதையக் கைக்குட்டையில முடிஞ்சு அடுத்த பஸ் ஏறிட்டாரு. போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சு கருவாடாயிருச்சு. சோதனைக்கு ஆகாதுன்னு லேப்ல திருப்பி அனுப்பிட்டாக. மனுசன் எங்கிட்ட வந்து பெருமையாச் சொல்றாரு:

"தண்ணியத்தான சிஸ்டர் கொட்டுனேன், சதையப் பத்திரமாக் கொண்டுபோயிட்டேன்ல!"

யாரு அலட்சியம்?

டப்பாவுல ஒட்டுனது பூராம் இங்கிலீசு, தண்ணியக் கொட்டக் கூடாதுன்னு வாயால கூட நாங்க யாரும் சொல்லல. டாக்டரு "உறவினர் அலட்சியம்"னு சொன்னாரு பாருங்க, எனக்கு எங்கேயிருந்துதான் அம்புட்டு கோவம் வந்துச்சோ, "அலட்சியம் நம்மளுது சார்"னு வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திட்டேன். அவரு கண்ணாடியத் தொடச்சுட்டே சொன்னாரு:

"சரி, இன்னொரு தடவ சுரண்டிருவோம்."

ரெண்டாவது டப்பா

இந்தத் தடவ நானே கொண்டுபோனேன். அணுக்கள் உள்ள புகுந்து நிக்கிற வகையாம், ஊசி போடலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. முத ஊசியன்னைக்கு, மெலிஞ்ச கைய நீட்டிக்கிட்டே செல்வராணி கேட்டா:

"அப்ப மொதல்ல சுரண்டுனது சும்மாதானா சிஸ்டர்?"

ஊசிவெடிப் பாக்கெட்டுல கூட 'ஜாக்கிரதை'ன்னு தமிழ்ல அச்சடிக்கிற சீமையில, உசிரக் காப்பாத்துற டப்பாவுல 'கொட்டாதே'ன்னு ஒத்த வார்த்தை ஒட்டுறதுக்கு, எங்களுக்கு ஒருத்திய ரெண்டு தடவ சுரண்ட வேண்டியிருந்துச்சு.