கப்பலண்டி நுழையாத கடை

தங்கப்பண்ணன் போய்விட்டார். நேற்று விடியற்காலை... கடை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே. நெஞ்சுவலியாம்.

இனி நான் சொல்லப்போகிற கதையை உங்களில் ஒருவர்கூட நம்பமாட்டீர்கள். எங்கள் செங்கல் ஊர்க் கோயில் மகேசுவரன்மேல் ஆணையிட்டே இதைச் சொல்கிறேன்.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் போர்டு இல்லாத ஒரு சாயக்கடை. அங்கே கஞ்சியும் பயறும் கிடைக்கும். பாறசாலை பஸ்ஸில் போகிறவர்கள் அந்த மணம் தாங்காமல் ஜன்னல் வழியாகவே குதித்து இறங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிரைவர் உட்பட.

எந்தச் சாயக்கடையிலும் முன்னால் ஒரு கண்ணாடிப் பரணி நிறையக் கப்பலண்டி மிட்டாய் இருக்கும். நிலக்கடலையைத்தான் நாங்கள் கப்பலண்டி என்போம். தங்கப்பண்ணன் கடையில் மட்டும் அந்தப் பரணி காலி.

காரணம் என் மகள் மாளு. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் அங்கே ஒரு துண்டு மிட்டாய் தின்றாள். உதடு வீங்கி, மூச்சு இழுத்து... நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ரோட்டைத் தொடாமலே பறந்தது.

கப்பலண்டி, முந்திரி, பாதாம்... ஒன்றும் இனி அவள் நாக்கில் படக்கூடாது என்றார் டாக்டர். தேங்காய் மட்டும் அவளை ஒன்றும் செய்யாது. செய்திருந்தால் இந்த ஊரில் அவளைப் பட்டினி போட்டுத்தான் வளர்த்திருக்க வேண்டும்.

அண்ணன் பரணியோடு தூக்கிக்கொண்டுபோய் மிட்டாயை எல்லாம் நெய்யாற்றில் கொட்டினார். அந்த வருஷம் ஆற்று மீன்கள் யானைக்குட்டி பருமனுக்கு வளர்ந்தன.

களியக்காவிளை எல்லையில் தமிழ்நாடு, கேரளம் இரண்டு சர்க்காருக்கும் செக்போஸ்ட் என்றால், அதற்குமேல் ஒரு செக்போஸ்ட் அண்ணன் கடை வாசல். கப்பலண்டி மோப்பம் பிடிக்க ஒரு பூனையையே பழக்கி வைத்திருந்தார். மந்திரி காரை நிறுத்திய பூனை.

"எலே, கையில என்னது?"

"கப்பலண்டி அண்ணே. ஒரு பொதி..."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு தின்னுட்டு, கையும் வாயும் கழுவிட்டு வா. இஞ்ச ஒரு பிள்ளை கஞ்சி குடிக்கும்."

"பிள்ளை இப்ப இஞ்ச இல்லியே?"

"வரும்லா. வரும்போ நான் ஒவ்வொரு பெஞ்சாட்டு நக்கிப் பாக்கணுமாலே?"

நான் சும்மா இருப்பேனா? "அண்ணே, கப்பலண்டி மிட்டாய் இல்லாத சாயக்கடை, சாமி இல்லாத கோயிலாக்கும்" என்றேன்.

"அப்ப நீ வேற கோயிலுக்குப் போடே" என்றார். சாயாவையும் அவரே என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

மாளுவுக்கு ஸ்பூன் கிடையாது. கடைக்குப் பின்னால் நிற்கிற பிலாமரத்தில்... பலாதான்... ஒவ்வொரு தடவையும் புது இலை பறித்து, கரண்டிபோலக் கோட்டி, தென்னை ஈர்க்கில் குத்திக் கொடுப்பார். வேறொருத்தர் வாயில் படாத கரண்டி.

ரெசிபி கேட்டுக் கமெண்டில் வருவீர்கள் என்று தெரியும். நானும் கேட்டேன். "கஞ்சி வைக்க ரெசிபி கேட்ட ஆளு லோகத்துல நீ ஒருத்தனாக்கும்" என்றார்.

சிவந்த அரிசி, குழைய வேகவேண்டும். சிறுபயறை வேகவைத்து, தேங்காய், சீரகம், சின்ன உள்ளி என்கிற சின்ன வெங்காயம், காந்தாரி மிளகு என்கிற ஊசிமிளகாய் எல்லாம் சதைத்துப் போட்டு, மேலே பச்சைத் தேங்காயெண்ணெய். தொட்டுக்கொள்ளச் சுட்ட தேங்காய்ச் சம்மந்தி, துவையல்தான். பாக்கெட் பொடி ஒன்றுகூடக் கடைக்குள் வராது... அதில் என்ன கலந்திருக்கிறான் என்று யார் கண்டது!

மாளு இப்போது திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போகிறாள். ஆபீஸ் பார்ட்டியோ கல்யாண வீடோ, இலையில் உட்காரும் முன் "இதுல நட்ஸ் உண்டா?" என்று கேட்டாக வேண்டும். கரண்டியோடு விளம்புகிறவன் முகம் சுளிப்பான். பாயசத்தில் முந்திரி, குருமாவில் முந்திரி... தன் சொந்த நிச்சயதார்த்தத்தில் இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டு எழுந்தவள் அவள்.

சாயங்காலம் பஸ் இறங்கி நேரே அண்ணன் கடைக்கு வருவாள். உட்காருவாள், குடிப்பாள். வெளியில் அவள் கேட்காமல் சாப்பிட்ட இடம் அது ஒன்றுதான்.

இன்று காலை அண்ணன் வீட்டுக்குப் போனோம். சாவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கமாட்டார்களே... அயல்வீட்டுக்காரர்கள் எங்கோ சொல்லிவைத்துப் பெரிய பாத்திரத்தில் கஞ்சியும் பயறும் வரவழைத்திருந்தார்கள்.

மாளு நேற்றிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. அண்ணன் மனைவி சரோஜம் அக்கா அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். "ரெண்டு வாய் குடி மக்கா. மாமன் இருந்தா விடுவாரா?"

மாளு ஸ்பூனை எடுத்தாள். கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "மாமி... இதுல நட்ஸ் ஏதும் உண்டா? பயறு எந்த எண்ணெயிலயாக்கும் செஞ்சது?"

அண்ணன் வீட்டாரிடம் அவள் இதுவரை கேட்டதில்லை.

சுற்றி நின்றவர்கள் கஞ்சி வரவழைத்தவர்களைக் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

அக்கா, எப்போதும் அண்ணனைக் கூப்பிடுவதுபோலவே, அடுக்களைப் பக்கம் திரும்பி, சத்தமாக, "தே, இஞ்ச ஒண்ணு வாருங்க... மாளு கேக்கா!"

...

கஞ்சி ஆறிப்போனது. மாளு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். திரும்பி வரும்போது கடையைப் பார்த்தோம். பலகை போட்டிருந்தது. இனி எடுக்க ஆள் இல்லை.

அவள் பசியோடுதான் பஸ் ஏறினாள். நாளைக்கும் அப்படித்தான் இறங்குவாள்... நான் என்ன செய்ய?

அண்ணே, போயிட்டு வாரும். போற இடத்திலயும் வாசலில் நின்று எல்லார் கையையும் சோதனை போடும்.

பூனை பொய். மீன் பொய். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக இறங்கியதும் பொய்தான்.

அக்கா திரும்பிக் கூப்பிட்டது மட்டும் உண்மை.