அக்கினிசிகை ஜாடி

மலாயாவில், காஜா பெராங் வட்டாரத்தில், கமலவேணியின் கோபத்துக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டுதான். ஒன்று அடுத்த வீட்டுச் சேவல். இன்னொன்று அவள் புருஷன், வைத்தியர் சேதுபதி. சேவலாவது துடைப்பத்தைக் கண்டால் வேலி தாண்டிவிடும். வைத்தியர் நாற்காலியை விட்டு அசைய மாட்டார்.

கமலவேணி குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் படித்தாள், அதற்குள் பால் வாளியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். டவுன் வைத்தியருக்கு வாழ்க்கைப்பட்டபோது, கொடுத்துவைத்தவள் என்று தோட்டத்து லயத்து வீடுகளெல்லாம் பேசின. என்னத்தைக் கொடுத்துவைத்தாள்! இடிப்பது, சலிப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் அவள். சாய்ந்து உட்கார்ந்து நாடி பிடிப்பது அவர்.

சேதுபதிக்கு வைத்தியம் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் மனிதருக்கு ஒரு வியாதி இருந்தது. எந்தச் செடியையும் ஊர் சொல்கிற பேரில் சொல்ல மாட்டார். வல்லாரை அவர் வாயில் மண்டூகபர்ணி. சீந்தில்கொடி குடூசி. ஆடாதோடை வாசா. ஜாடிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளிலும் அந்தப் பேர்கள்தான். தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாலும் படிக்கிறவனுக்கு ஒரு மண்ணும் விளங்காது.

"எல்லாருக்கும் புரியிற மாதிரி எழுதி வைக்கக் கூடாதா?" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"வல்லாரைன்னு எழுதினா எவன் மதிப்பான்? வேலியோரம் புடுங்கித் தின்னுட்டுப் போயிடுவான். பேருலதாண்டி மரியாதை இருக்கு."

அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பக்கத்துக் கம்போங் செட்டியிலிருந்து வரும் மீனாச்சி, தன் வீட்டுச் சாக்கடையோரம் பெகாகா என்று மலாயில் சொல்கிற கீரையாக மண்டிக் கிடக்கிற அதே வல்லாரையை, இங்கே வந்து மண்டூகபர்ணிச் சூரணம் என்று பயபக்தியோடு வாங்கிப் போவாள். மீனாச்சி தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே ஊறிப்போன செட்டிக் குடும்பத்துப் பொம்பளை. கும்பிடுகிற சாமி நம் சாமி, பேசுகிற பேச்சு மலாய், நடுநடுவே நாலு தமிழ் வார்த்தை. அவள் காசை முந்தானையில் அவிழ்க்கும்போதெல்லாம் கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வரும். உலக்கையை ஓங்கி ஓங்கி இடிப்பாள். உரல் என்ன பாவம் செய்ததோ!

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப்போகிற வருஷம் அது. ஊரெல்லாம் தோரணமும் கூட்டமுமாய் இருக்க, வைத்தியருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. 'சுதந்திர மலாயா ஆயுர்வேத வைத்தியசாலை' என்று கடைப் பலகையைச் சிவப்புச் சாயத்தில் எழுதி மாட்டினார். ஜாடிகளில் மட்டும் சுதந்திரம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மீனாச்சியின் மருமகள் கோகிலாவுக்கு ஆறாம் மாதம். அதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை. அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவே கமலவேணிக்குப் பாவமாக இருக்கும். நடக்கும்போதுகூட வயிற்றை ஒரு கையால் ஏந்திக்கொண்டே நடப்பாள், விட்டால் இதுவும் போய்விடும் என்பது போல. இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டும் என்று மீனாச்சி வேண்டாத கோயில் இல்லை.

மருந்து கேட்டு மீனாச்சி வந்த சாயங்காலம், வைத்தியர் விழாக் கூட்டத்துக்குக் கிளம்பி நின்றார். கூட வாத்தியார் பொன்னுதுரை. வாத்தியார் பக்கத்தில் இருந்தால் போதும், நம் ஆளுக்குச் சமஸ்கிருதம் ஊற்றெடுக்கும்.

"கர்ப்பிணிக்கு அக்கினிசிகைக்கு மிஞ்சி எது இருக்கு?" என்று வாத்தியாரைப் பார்த்தே சொன்னார். வாத்தியார் தலையை ஆட்டினார். வைத்தியர் மீனாச்சியிடம் மலாயில், பால் பொன்னாக மாறும், குழந்தையும் பொன்னாகப் பிறக்கும் என்று அளந்தார். அது கொல்லையில் இடித்துக்கொண்டிருந்தவள் காதில் விழவில்லை. அவள் காதில் விழுந்தது கடைசியில் போட்ட கட்டளைதான்: "வேணி! அக்கினிசிகை சிட்டிகை சிட்டிகையாப் பொட்டலம் கட்டிக் குடு. பால்ல போட்டுக் குடிக்கட்டும்."

கமலவேணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேல்தட்டில் அக்கினிசிகை என்று எழுதிய பெரிய ஜாடி. மூட்டுவலித் தைலத்தில் போடுகிற வெள்ளைப் பொடி. இதைக் குடிக்கவும் கொடுப்பார்களா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால், உனக்கென்னடி தெரியும் என்பார், அதுவும் வாத்தியார் முன்னால். கேட்கவில்லை. கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை மீனாச்சி கடைவாசலில் வந்து நின்றாள். வந்த வேகமே சரியில்லை.

"மானா கூனிங்? சூசு பூத்தே ஜுகா!" என்று கத்தினாள். எங்கே மஞ்சள், பொடி போட்டு அடுப்பில் வைத்த பால் வெள்ளையாகவே இருக்கிறதே என்பது அவள் வழக்கு. காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்திருந்தாள்.

சேதுபதி எழுந்தாரா? பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாரா? அதெல்லாம் அவர் கௌரவத்துக்கு இழுக்கு. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அசல் சரக்குல சாயம் மெதுவாத்தான் இறங்கும். ஆற விடாம மருமகளுக்குக் குடு, போ" என்று மலாயில் அனுப்பிவிட்டார். மீனாச்சியும் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

சண்டைச் சத்தம் கேட்டுக் கமலவேணி வந்து பார்த்தபோது மீனாச்சி தெருமுனை திரும்பிவிட்டாள். "எதுக்குக் கத்திட்டுப் போறாங்க?"

"பால் மஞ்சளாகலையாம்."

"அது எப்படிங்க ஆகும்? அந்தப் பொடி வெள்ளைதானே?"

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. "எந்தப் பொடி?"

"நீங்க சொன்னதுதான். மேல்தட்டு ஜாடி. அக்கினிசிகைன்னு எழுதியிருக்கே."

"அடிப்பாவி! நான் சொன்னது குங்குமப்பூ, என் பெட்டியில இருக்கிறது! அது கலப்பைக் கிழங்குடி!"

கலப்பைக் கிழங்கு! தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு அந்தப் பேர் தெரியாதா? வாழ்க்கை வெறுத்தவர்கள் அரைத்துக் குடிக்கிற கிழங்கு. வயிற்றுப் பிள்ளையையும் கொல்லும், தாயையும் கொல்லும். இத்தனை வருஷம் அதைக் கையால் அள்ளித் தைலத்தில் போட்டிருக்கிறாள், அது இன்னதென்று தெரியாமலே.

கமலவேணி செருப்புக்கூடப் போடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். மாட்டு வண்டிக்காரன் திட்டினான், சைக்கிள்காரன் சாய்ந்து விழுந்தான், எதுவும் காதில் ஏறவில்லை. முருகா, முருகா என்று வாய் அரற்றியது. பாவி மனுஷா, பாவி மனுஷா என்று மனசு அரற்றியது.

மீனாச்சி வீட்டு அடுப்படியில் கோகிலா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உதட்டருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஜாங்ஙான் மீனும்! குடிக்காதடி!" கமலவேணி ஒரே அறையாக அறைந்ததில் தம்ளர் பறந்து சுவரில் மோதியது. கோகிலா அலறினாள். உனக்குப் பைத்தியமா என்று மீனாச்சி அகப்பையை ஓங்கினாள். கமலவேணி அந்தப் பெண்ணின் வாயை விரலால் துடைத்து, "குடிச்சியா? ஒரு வாயாவது குடிச்சியா?" என்று உலுக்கினாள். இல்லை, சுடச்சுட இருந்தது என்று கோகிலா அழுதுகொண்டே தலையாட்டினாள். கமலவேணி அப்படியே தரையில் உட்கார்ந்து, "ராச்சுன் அக்கா, அது விஷம்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மீதிப் பொட்டலங்களை அவளே எடுத்து அடுப்பில் போட்டாள்.

கடைக்குத் திரும்பியபோது பொன்னுதுரை வாத்தியாரும் வந்து உட்கார்ந்திருந்தார். சேதுபதி வேர்த்து வழிந்து எழுந்தார். "குடிச்சிட்டாளா?"

"இல்ல."

ஒரு பெருமூச்சு விட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மூச்சு வந்ததும் பேச்சும் வந்துவிட்டது. "அம்முல முடிஞ்சா குங்குமப்பூ, ஆவுல முடிஞ்சா கிழங்கு. அக்னிசிகம், அக்னிசிகா. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். நான் சரியாத்தான் சொல்லியிருப்பேன். உன் காதுலதான் கோளாறு."

கமலவேணி வாத்தியாரிடம் திரும்பினாள். "நீங்க கேட்டீங்களே அண்ணே, இவரு என்ன சொன்னாரு? அம்முன்னாரா, ஆவுன்னாரா?"

"எனக்கு என்னம்மா தெரியும்?" வாத்தியார் நெளிந்தார். "நான் சும்மா தலையத்தான் ஆட்டினேன்."

"யாரும் கேட்டா, கை தவறி மாத்திக் கட்டிட்டேன்னு சொல்லிடு வேணி" என்றார் சேதுபதி, குரலைத் தாழ்த்தி. "ஒரு பேருக்கு ரெண்டு மருந்துன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் நம்ம படி ஏறுவான்?"

அவ்வளவுதான். "என் கையா? என் கையாய்யா தவறிச்சு?" தெருவே திரும்பிப் பார்த்தது. "கலப்பைக் கிழங்குன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அந்த ஜாடியத் தொட்டிருப்பேனா? உங்க மரியாதைக்கு ரெண்டு உசுரு வேணுமா? என்னைக் கொலைகாரியாக்கப் பாத்துட்டு, காது கோளாறுன்னு சொல்ற வாயில புழு விழாது?"

பலகை எழுதி மிஞ்சிய சிவப்புச் சாயம் மூலையில் இருந்தது. தூரிகையை எடுத்தாள், மண்டூகபர்ணி ஜாடியையும் இறக்கினாள். "சொல்லுங்க. இது என்ன? மண்டூகபர்ணி வேணாம், ஊர்ப் பேரு சொல்லுங்க."

சேதுபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஜாடியைத் தலைக்கு மேல் தூக்கினாள், சிமெண்டுத் தரையைப் பார்த்து.

"வல்லாரை" என்றார்.

"மலாயில?"

"பெகாகா."

ஒவ்வொரு ஜாடியாக அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கோணல்மாணலான பெரிய எழுத்து, சாயம் ஒழுகிய எழுத்து, ஆனால் யாருக்கும் புரிகிற எழுத்து. மேல்தட்டு ஜாடியை மட்டும் அவரைக் கேட்கவில்லை. 'கலப்பைக் கிழங்கு. குடித்தால் சாவு. ராச்சுன்' என்று அவளே எழுதினாள்.

மண்டூகபர்ணி வாங்க வந்தவர்கள் பெகாகா என்று படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள். வரும்படி இறங்கியது. சேதுபதி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, நீ இட்ட எழுத்தால்தான் இந்தக் கதி என்று சாப்பாட்டு நேரமெல்லாம் குத்திக்காட்டினார். கமலவேணி குழம்பை ஊற்றினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அவள் கத்தாமல் இருந்தது அவருக்குப் பழக்கமில்லாத பயத்தைக் கொடுத்தது.

மெர்டேக்கா வந்தது, தோரணங்கள் மழையில் நனைந்து நிறம் போயின. ஒரு காலையில் மீனாச்சி கைக்குழந்தையோடு கடை ஏறினாள். பின்னாலேயே கோகிலா, இரண்டு கையும் வீசி நடந்து வந்தாள். பெண் குழந்தை. கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு இருந்தது.

சேதுபதி பழைய மிடுக்கோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நல்ல நாமதேயமாக நானே ஒன்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். கமலவேணி குழந்தையை மீனாச்சியிடமிருந்து வாங்கி, நேரே கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.

"நல்லாப் பிடிங்க" என்றாள். "கனமா இருக்கா? இதுதாங்க நீங்க சொன்ன அந்த ஒரு எழுத்து."