இங்கிலீஷ்காரன் சண்டையும் உம்மாவின் தல்கீனும்

ஏழாம் ஸ்டாண்டர்டில் எங்களுக்குச் சரித்திரம் எடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, கையில் பிரம்பு. இங்கிலாந்துக்காரன் தன் ஆளோடேயே அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போர்தான் அந்த வருஷத்துப் பாடம். பினாங்கில் பிறந்த தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லோரும் அதைப் படித்துத்தான் ஆகவேண்டும். பரீட்சைத் தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. எங்கள் ஊரில் நடந்த அடிதடியைப் பற்றி ஒரு வரிகூட அந்தப் புத்தகத்தில் கிடையாது.

வாத்தியார் வகுப்பை நடுவில் பிரித்தார். இந்தப் பக்கம் ராஜா கட்சி, அந்தப் பக்கம் பார்லிமென்ட் கட்சி. பாடம் முடியும்வரை யாரும் இடம் மாறக் கூடாது. நான் பார்லிமென்ட். வரி, படை, கடைசியில் ராஜாவின் தலை என்று பாடம் ஜோராகப் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நடுவில் அவர் வேறொன்றை எடுத்தார். இந்தச் சண்டையில் பாதி, கடவுளை எப்படிக் கும்பிடுவது என்பதைப் பற்றியது என்றார். தேவாலயத்தில் மெழுகுவத்தி வைக்கலாமா, பாதிரி எந்த அங்கியைப் போடுவது, ஜெபத்தைப் புத்தகம் பார்த்து ஓதலாமா என்று ஆரம்பித்துக் கத்தி எடுக்கிற அளவுக்குப் போனார்களாம். பார்லிமென்ட் கை ஓங்கியதும், பிணத்தைப் புதைக்கும்போது எதுவும் ஓதக் கூடாது, பேசாமல் மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று உத்தரவே போட்டுவிட்டார்களாம்.

வகுப்பு சிரித்தது. ராஜா கட்சியில் இருந்த ஒரு சீனப் பையன், இதற்காகவா சார் கழுத்தை வெட்டினார்கள் என்று கேட்டான். வாத்தியாரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் அப்போது அதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. பிணம் மட்டும் இன்னும் விழவில்லை.

எங்கள் வீடு சூலியா தெருவை ஒட்டிய சந்தில், ஒரு கடைக்கு மேல்மாடி. வாப்பா அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர். அரபு எழுத்தில் மலாய் அச்சடிக்கிற கூடம் அது. மார்க்கத்தில் இல்லாததை எல்லாம் பின்னால் வந்தவர்கள் கொண்டுவந்து நுழைத்துவிட்டார்கள், அவற்றைக் களைய வேண்டும் என்று சிலர் எழுத ஆரம்பித்திருந்த காலம். அவர்கள் எழுதியதைக் கோத்துக் கோத்து வாப்பாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். மலாய்க்காரர்கள் அவர்களைக் காவும் மூடா, அதாவது புதுக் கூட்டம் என்றார்கள். மற்றவர்கள் காவும் துவா, பழைய கூட்டம். உம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன், என் மாமா, பழைய கூட்டத்தில் முன்வரிசைக்காரர். துறைமுகத்துப் பக்கம் சோற்றுக்கடை வைத்திருந்தார்.

சண்டை பல விஷயத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டில் எப்போதும் வந்து முட்டி நின்றது தல்கீனில்தான். கபுரில் மண்ணைத் தள்ளி மூடியதும் பள்ளிவாசல் லெப்பை தலைமாட்டில் உட்கார்ந்து, உள்ளே இருக்கிறவரைக் கூப்பிட்டு ஓதுவார். வானத்திலிருந்து இரண்டு மலக்குகள் வருவார்கள், உன் இறைவன் யார், உன் நபி யார் என்று கேட்பார்கள், பயப்படாதே, இன்னின்ன மாதிரி பதில் சொல் என்று எடுத்துக் கொடுப்பார். அதுதான் தல்கீன். நம் ஆள்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் மண்ணுக்குள் போனார்கள். புதுக் கூட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்னுக்கிட்டு விடையைக் கத்துறதுக்குப் பேர் என்ன? திருட்டு. ஒழுங்கா வாழ்ந்தவனுக்குத் தானா பதில் வரும்" என்பார் வாப்பா.

"சுடா லா மச்சான், போதும். செத்தவங்க விஷயத்துல உங்க கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாதீங்க" என்பார் மாமா.

இப்படித்தான் ஆரம்பம். பிறகு, செத்தவர் பேரில் ஓதிய ஒரு பாத்திஹாவுக்கு மாமா வீட்டிலிருந்து வந்த நெய்ச்சோற்றை வாப்பா மூடி திறக்காமல் திருப்பி அனுப்பினார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மாமா எங்கள் படியேறவில்லை. ஒருவர் பின்னால் நின்று ஒருவர் தொழுவதும் நின்றுபோனது. உம்மா எந்தக் கூட்டத்திலும் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போனால் நபி புகழ் பாடுகிற மௌலூதுக்கு வெங்காயம் உரிப்பாள், திரும்பி வந்து அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாள். இரண்டு ஆண்களின் ரோஷத்துக்கு நடுவில் அவள்தான் சமையல் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வருஷம் உம்மாவுக்குக் குறைப் பிரசவமானது. குழந்தை தங்கவில்லை. உம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, விட்டு விட்டு அடித்தது. டாக்டர் இரண்டு தடவை வந்தார், மூன்றாவது தடவை வந்தபோது வாப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் உம்மாவின் பாயோரத்தில் உட்கார்ந்துதான் பாடம் படிப்பேன்.

"என்னடா படிக்கிறே?"

சொன்னேன். ராஜா கட்சி, பார்லிமென்ட் கட்சி, மெழுகுவத்தி, ஓதாமல் புதைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"வெள்ளைக்காரனுக்குமா இந்தப் பிரச்சினை?" என்றாள். பிறகு, "கடைசியில என்ன ஆச்சு? ஓதினாங்களா இல்லியா?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வாத்தியாரிடம் கேட்டேன். ராஜாவின் மகன் திரும்பி வந்து பட்டம் ஏறினான், பழைய புத்தகமும் கூடவே வந்துவிட்டது, மறுபடியும் ஓத ஆரம்பித்தார்கள் என்றார். சந்தோஷமாக ஓடிவந்து சொன்னேன். உம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"அப்ப நடுவுல செத்தவங்க?"

பாடத்தில் அது இல்லை என்றேன்.

அன்றுதான் உம்மா தன் பயத்தை என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள். சாவதற்கு அவள் பயப்படவில்லை. கேள்விக்குத்தான் பயந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், நாலு பேர் முன்னால் பேச நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓதுகிற பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே கேள்விகளை நான் கேட்டேன். ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னாள். "உனக்கு எல்லாம் தெரியுது உம்மா" என்றேன்.

"நீ கேட்டா தெரியுது. அங்க இருட்டுல, தெரியாத ஆள் வந்து கேட்டா? வெளியே நின்னு கத்துறதுக்காவது ஒரு ஆள் வேணாமா?"

வாப்பா சொன்னதை எல்லாம் அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அன்று வாப்பா வேலையிலிருந்து வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தல்கீன் ஓத விட வேண்டும் என்று கேட்டாள். வாப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். ஆகட்டும் என்று சொல்லவில்லை. மாமாவுக்கும் ஆள் போனது. அவர் ரோஷத்தை விட்டுப் படியேறி வந்தார். அவரிடமும் உம்மா அதையேதான் கேட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் உம்மா மௌத்தானாள். ஜும்மா தொழுகை முடிந்து, உம்மாவை வைத்த சந்தூக்கைத் தூக்கினோம். வாப்பா ஒரு கொம்பு, மாமா ஒரு கொம்பு. பல நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த காரியம் அது. மையவாடியில் மண் தள்ளி முடித்ததும் மாமா கூட்டிவந்த லெப்பை தலைமாட்டுக்குப் போனார். அங்கே வாப்பா நின்றுகொண்டிருந்தார். நகரவில்லை.

"ஓதல் வேண்டாம். அவங்கவங்க துஆ கேட்டுட்டுக் கலையலாம்."

"அவ கேட்டா மச்சான்" என்றார் மாமா. "என் கையைப் புடிச்சிக் கேட்டா."

"என் கையையும் புடிச்சித்தான் கேட்டா."

"பொறவு?"

"கேட்டா குடுக்கறதுக்கு இது பெருநாள் புடவையா?"

புருஷன் சொல்லுக்கு மேல் அங்கே யாருக்கும் சொல் கிடையாது. கூட்டம் மெல்லக் கலைந்தது. மாமா என்னைத் தோளில் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "உன் வாப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அவர் போனதும் நாங்க ஓதிக்கிறோம்."

நான் திரும்பிப் போய், "வாப்பா, போலாமா?" என்றேன்.

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே கம்போஜா மரத்தடியில் மாமாவும் லெப்பையும் நிற்பது தெரிந்தது. "நீ போ" என்றார்.

நானும் போகவில்லை. வெயில் இறங்கியது, தூறல் விழுந்தது, வாப்பா நின்றுகொண்டே இருந்தார். அந்த மனுஷர் பெண்டாட்டி மேல் எத்தனை பிரியமாக இருந்திருந்தால் இப்படி நிற்பார் என்று ஊரில் அப்புறம் வருஷக்கணக்காகப் பேசினார்கள். அவர் அழுதார், அது பொய் இல்லை. காவலும் காத்தார், அதுவும் பொய் இல்லை. புதைக்க வந்தவர்களில் கடைசி ஆளின் காலடிச் சத்தம் அடங்கிய பிறகுதான் மலக்குகள் வருவார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். வாப்பா நிற்கிறவரை உம்மாவை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பதில்களை வாய்க்குள்ளேயே, எனக்குத் தெரிந்த தமிழில், வரிசையாகச் சொன்னேன். அது கணக்கில் சேருமா என்று கேட்க எனக்கு இரண்டு கூட்டத்திலும் ஆள் இல்லை.

அந்தி மங்கி, மஃரிப் தொழுகை நேரம் நெருங்கியது. லெப்பைக்குப் பள்ளிவாசலில் தொழவைக்கிற வேலை இருந்தது. அவர் கிளம்பினார், அவர் பின்னால் மாமாவும் தலையைக் குனிந்துகொண்டு போனார். அதற்கப்புறம்தான் வாப்பா அடி எடுத்து வைத்தார். அடக்கிய கையோடு ஓத வேண்டியதை மறுநாள் வந்து ஓதுகிற வழக்கம் இல்லை. உம்மா ஒருவர் துணையும் இல்லாமல் இருட்டுக்குள் போனாள்.

நான் மறுபடி பள்ளிக்கூடம் போனபோது பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். சண்டை தீர்ந்துவிட்டது, இனி பழைய இடத்தில் உட்காரலாம் என்றார் வாத்தியார். பரீட்சையில் அந்தப் பாடத்திலிருந்து கேள்வி வந்தது. நன்றாக எழுதினேன்.

எங்கள் ஊர்ச் சண்டையும் தீர்ந்தது. அச்சுக்கூடத்தை மூடினார்கள். காரசாரமாக எழுதியவர்களுக்கு வயதாகி, பேரன் பேத்தி வந்தது. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பெரியவர்கள் சேர்ந்து வாப்பாவையும் மாமாவையும் ஒரே தட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு வாப்பா மாமாவின் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கக்கூடப் போனார். எனக்குச் சந்தோஷமாக இல்லை, ஆத்திரமாகத்தான் இருந்தது.

நான் வேலைக்குப் போன பிறகு மாமா மௌத்தானார். அதே மையவாடி. மண் தள்ளி முடித்ததும் லெப்பை தலைமாட்டுக்கு வந்து, உட்காராமல், ஒரு மரியாதைக்கு வாப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஓதுங்க" என்றார் வாப்பா.

எல்லோரும் உட்கார்ந்தோம். வாப்பாவும் ஈர மண்ணில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கடைசிவரை கேட்டார். பயப்படாதே, இப்படிச் சொல் என்று லெப்பை மாமாவுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆமீன் சொல்கிற இடத்தில் வாப்பா ஆமீனும் சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, நான் கேட்காமலே, "ஊர் ஒத்துமைக்காகத்தான்டா" என்றார்.

"அந்த ஊர்ல உம்மா சேத்தி இல்லியா வாப்பா?"

அவர் கைலியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார். வீடு வந்து சேர்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.