ஏழு எண்ணிப் பிடித்த கொடுவா

2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். பனி முகத்தில் ஈரமாக அப்பியது, காற்று இல்லை. மரக்காணம் உப்பங்கழியில் முழங்கால் நீரில் நின்றபடி என் மச்சான், அக்காவின் கணவர், தூண்டில் கோலில் கட்டிய ஒரு வெள்ளைச் சேவல் இறகைத் தலைக்குமேல் வீசிக்கொண்டிருந்தார். கொக்கியில் இறகை நூலால் சுற்றி, ஈயக்கம்பி சேர்த்து, இறால்போல் அவரே செய்தது. கரையில் நின்ற எனக்குச் சளி பிடிக்குமோ என்ற கவலை வேறு.

மழைக்காலம் முடிந்து முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்களில் கொடுவா மீன் கடலுக்கும் கழிக்கும் போய்வரும். அதை இறகால் பிடிப்பேன் என்று கிளம்பியவர் அவர் ஒருவர்தான். வளைகுடாவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தபோது விடுமுறைகளில் பழகிய வித்தை. ஊர் திரும்பியபின் கோட்டக்குப்பம் வீட்டில் விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தார். பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டது. செவ்வாய்க்கிழமை விமானம்.

"இங்க எனக்கு இன்னா வேலை மச்சான்? ஒரு மீனுகூட என்னை மதிக்கல" என்றார். ஒரு கொடுவா கிடைத்தால் போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அக்கா என்னைத் திண்டிவனத்திலிருந்து வரவழைத்து, "அவரு மீனோட வரணும். இல்லன்னா நீயும் வராதே" என்று அனுப்பியிருந்தாள்.

பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா பாய், கோழிக்கு நீச்சல் கத்துக் குடுக்கிறீங்களா?"

 மச்சான் என் பக்கம்தான் திரும்பினார். நான் ஒவ்வொரு வீச்சையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டில் அரிசியையோ மீனையோ பிள்ளைகளையோ எண்ணக்கூடாது; எண்ணினால் இறைவன் தரும் பெருக்கம் நின்றுவிடும் என்பார்கள். "எண்ணிக்கினே இருந்தா பரக்கத் போயிடும் மச்சான். வாய மூடுங்க."

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியே ஓய்வுபெற்றவன் நான். மூடிய வாய்க்குள்ளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இறகு விழுந்து மூன்று எண்ணுவதற்குள் அவர் இழுத்துவிடுவார். வளைகுடாவில் அவர் பிடித்தவை மேல்நீரில் ஓடும் மீன்கள்; கொடுவா அடியில் கிடக்கும். நடுவில் தேநீர் குடிக்க நின்றபோது மட்டும் இழுக்க மறந்தார். நான் எட்டு எண்ணியதும் கயிறு தொய்ந்தது. இறகு சேற்றோடு வந்தது.

"எட்டுல தரை தட்டுது. ஏழுல இழுங்க" என்றேன்.

"மறுபடியும் எண்ணுறீங்களா?"

"பரக்கத் போனா போவட்டும். செவ்வாய்க்கிழமை நீங்களே போறீங்க, அதவிடவா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். வீசினார். நான் சத்தமாக எண்ணினேன். நான்கில் இழுக்கப் போனவர், பொறுத்துக்கொண்டார். ஏழு என்றதும் இழுத்தார்.

கோல் வில்லாக வளைந்தது. கழி நடுவில் வெள்ளிப் பலகை ஒன்று எழும்பித் தலையை உதறி விழுந்தது. கயிறு அவர் விரலை அறுத்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சளியை மறந்து வேட்டியோடு நானும் இறங்கிவிட்டேன். கரைக்கு வந்த கொடுவா ஆறு கிலோ முந்நூறு. வலைக்காரர் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அடேங்கப்பா! கோழி கொடுவாவையே புடிச்சிடுச்சே பாய்!"

அக்கா வாசலில் மீனைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

அந்த இறகு, மீன் கடித்த வடுவோடு, இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இன்று காலையும் மச்சான் போனில், "கழி தெறந்துக்கிச்சு. ஜல்தி எண்ண வாங்க" என்றார். அன்று அவர் ரத்து செய்த விமானச் சீட்டுக்குப் பணம் திரும்பாது என்றார்கள். எண்ணியவன் நான்தான் என்பதால் அந்தப் பணத்தை நானே அவரிடம் கொடுத்தேன்: பதினோராயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.