வாசலைத் தாண்டாத மேசை

கப்பலில் ஏறுவதற்கு முன்பே கஞ்சியக்கா ஒரு சண்டை போட்டு முடித்துவிட்டாள். முடித்தாள் என்றுதான் சொன்னேன், ஜெயித்தாள் என்று சொல்லவில்லை. பெட்டிகளைப் பரிசோதிக்கும் இயந்திரம் அவள் பெட்டியைக் கண்டதும் கத்தியது. சீருடைக்காரர் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவே துண்டில் சுற்றிவைத்திருந்த சின்ன இஸ்திரிப் பெட்டியை வெளியே எடுத்தார்.

"இதெல்லாம் கப்பலுக்குள்ள கூடாதும்மா. தீப்பிடிச்சா நடுக்கடல்ல எங்க ஓடறது?"

"என் வயசுக்கு நான் ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்கினதில்ல. கப்பலையா கொளுத்தப் போறேன்?"

"ரூல்ஸ்மா. நான் என்ன பண்ண?"

"முதல்ல உங்க காலரைச் சரி பண்ணுங்க. ஒரு காது மேல பாக்குது, ஒரு காது கீழ பாக்குது."

பின்னால் நின்ற மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, ப்ளீஸ்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. சுத்திப் பாக்கத்தானே எல்லாரும் வந்திருக்காங்க?"

இஸ்திரிப் பெட்டி ஓர் அலமாரிக்குள் போனது. இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு அட்டைத் துண்டு கொடுத்தார்கள். அதைப் பர்ஸுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, தன் சொந்தக்காரர் யாரையோ சிறையில் விட்டுவிட்டு வருகிற முகத்தோடு அவள் கப்பலுக்குள் நுழைந்தாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்துக் கொடுப்பாள் என்பது ஒன்று. அவளே அப்படித்தான் என்பது இன்னொன்று. மருந்துக் கடைக்கும் டயர்க் கடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இருக்கும் அவளுடைய இஸ்திரிக் கடையில் பேரம் கிடையாது, கெஞ்சல் கிடையாது. "அவசரம்கா" என்று வந்து நின்றால், "அவசரம்னா சுருக்கத்தோட போட்டுக்கங்க" என்பாள். ஆனால் அவள் தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் நேர்முகத் தேர்வில் கூன் போட்டு உட்கார முடியாது. சட்டை விடாது.

கடையை முழுசாக அடைத்துக்கொண்டு கிடப்பது ஒரு மேசை. தச்சு வேலை தெரிந்த அவள் புருஷன் செய்தது. கனத்த பலகை, அதன் மேல் கம்பளி, கம்பளிமேல் வெள்ளைத் துணி. பகலில் துணி தேய்த்த அந்த மேசையில்தான் மாலையில் பிள்ளைகள் வீட்டுப் பாடம் எழுதினார்கள். மழை பிடித்துக்கொண்டால் அதன் அடியிலேயே தூங்கினார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அழுததும் அதன்மேல் தலைசாய்த்துத்தான். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஈரம் பட்ட இடத்தைப் பெட்டியால் ஒரு தேய் தேய்த்தாள்.

போன கோடையில் ஒருநாள் தலை சுற்றி விழுந்தாள். விழுந்தவள் சும்மா விழவில்லை, சூடான பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு விழுந்தாள். முழங்கைக்குக் கீழே இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. அன்றிலிருந்து மகளும் மகனும் அவள் முதுகுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். அவள் திரும்பினால் சிரிப்பார்கள். பெற்ற பிள்ளைகள் காரணமில்லாமல் சிரித்தால் தாய்க்காரி உஷாராக வேண்டும். அவள் ஆகவில்லை. "கப்பல்ல போய் ஜாலியா இருந்துட்டு வாம்மா, அக்காவும் கூட வர்றா, கடையை நான் பாத்துக்கறேன்" என்று மகன் கை நீட்டியதும் சாவியைக் கொடுத்துவிட்டாள். தன் சட்டைப் பொத்தானையே ஒழுங்காகப் போடத் தெரியாதவன் இஸ்திரிக் கடையை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்குக் கடலைப் பார்க்க ஆசை. அந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கப்பலில் பாதி பிடிக்கவில்லை, பாதி ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டில் எது அவளுக்கு அதிக எரிச்சலைத் தந்தது என்று சொல்வது கஷ்டம்.

தினமும் காலையில் ஒலிபெருக்கியில் ஒருவன் வந்து, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்பான். "இவனுக்கு என்ன வந்துச்சு?" என்பாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஆளாளுக்குத் தட்டில் மலைபோல் குவித்து, பாதியைத் தின்று மீதியை அப்படியே வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். அறையைச் சுத்தம் செய்கிறவர் துண்டை மடித்து அன்னப்பறவை செய்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவார். அவள் அதைப் பிரித்து, உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து வைப்பாள். மறுநாள் யானை. அதையும் பிரிப்பாள். அப்புறம் குரங்கு ஒன்று கம்பியில் தொங்கியது. கடைசியில் அந்த மனிதர் களைத்துப்போய் துண்டை வெறும் துண்டாகவே, விளிம்பு பிசகாமல் மடித்து வைத்தார். கஞ்சியக்கா நடைபாதையில் அவரைத் தேடிப் பிடித்து, "இது வேலை" என்று பாராட்டிவிட்டு வந்தாள்.

கடல் வேறு விஷயம். விடிந்ததும் மேல்தளத்தில் ஒரு சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு சுருக்கமும் இல்லாத தண்ணீர் சில நாள், எங்கு பார்த்தாலும் கசங்கிக் கிடக்கும் தண்ணீர் சில நாள். எதையும் தேய்க்க வேண்டியதில்லை. கையில் சூடு இல்லை, காலில் வலி இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். "எப்படிம்மா இருக்கு?" என்று மகள் கேட்டால், "இருக்கு" என்பாள். மகள் விடாமல் நச்சரித்ததும், "நல்லாத்தான் இருக்கு, போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள்.

குட்டு உடைந்தது ஒரு மத்தியானத்தில். மகள் நீச்சல் குளத்துக்குப் போயிருந்தாள். கட்டில்மேல் விட்டுப் போன அவள் போன் அடித்தது. கஞ்சியக்கா எடுத்துக் காதில் வைத்ததுதான் தாமதம், மகன் மூச்சு விடாமல் பொரிந்தான்.

"அக்கா, அந்தச் சனியன் பிடிச்ச மேசை வெளிய வரவே மாட்டேங்குது. எப்படித் திருப்பினாலும் வாசல்ல இடிக்குது. மத்ததையெல்லாம் காலி பண்ணியாச்சு. போன் கடை வைக்கப் போறவரு அளவெடுக்க வந்து நிக்கறாரு. அப்பா இதை எப்படி உள்ள கொண்டாந்தாருன்னு அம்மாகிட்ட நைசா கேட்டுச் சொல்லேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "உள்ள கொண்டாரலடா. உள்ளயே வெச்சு செஞ்சாரு. ஷட்டரு அப்புறம்தான் போட்டது."

மகனுக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

"அம்மா... நீயா?"

"நான்தான். அறுத்தாத்தான் அது வெளிய வரும். ரம்பம் வெச்சிருக்கியா?"

"இல்லம்மா, நாங்க என்ன நினைச்சோம்னா..."

"ரம்பத்தை நீ கையில எடுத்ததாக் கேள்விப்பட்டேன்னா, இப்படியே கடல்ல குதிச்சு வந்துடுவேன். எனக்கு நீச்சல் தெரியாது. அப்புறம் உன் இஷ்டம்."

போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். கோபம் வந்தால் தெருவில் இறங்கி விறுவிறுவென்று நடப்பது அவள் வழக்கம். இங்கே எவ்வளவு நடந்தாலும் தளத்தைச் சுற்றி அதே நாற்காலிக்கே வந்து சேர்ந்தாள். இறங்கிப் போக வழியில்லை. குழந்தைக்குக் காக்கா காட்டி மருந்தை வாயில் ஊற்றுவது போல, தனக்குக் கடலைக் காட்டிக் கடையைப் பிடுங்கிவிட்டார்களே என்று நெஞ்சு கொதித்தது. அதைவிடக் கொதித்தது, காட்டிய காக்கா அவளுக்குப் பிடித்துப்போனதை நினைத்துத்தான்.

மகளிடம் எதுவும் சொல்லவில்லை. மகனும் பயத்தில் அக்காவிடம் மூச்சு விடவில்லை. அன்று மாலை எல்லோரும் நல்ல உடையில் வரவேண்டிய பெரிய விருந்து. கஞ்சியக்கா தன் உடையை எடுத்துக்கொண்டு கப்பலின் சலவை அறைக்குப் போனாள். அங்கே பயணிகளுக்கென்று ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டி வைத்திருந்தார்கள். "உன்னையும் கட்டிப் போட்டுட்டாங்களா?" என்று அதைக் கேட்டுவிட்டு, சங்கிலி கொடுத்த நீளத்துக்குள்ளேயே உடையைத் தேய்த்து முடித்தாள்.

விருந்து பாதி நடக்கும்போது விளக்குகளை மங்கலாக்கினார்கள். பரிமாறுகிறவர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். நேராக அவள் மேசைக்கே வந்து ஒரு கேக்கை வைத்தார்கள். ரோஜா நிறக் கிரீமில் 'இனிய ஓய்வு, அம்மா' என்று எழுதியிருந்தது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. தலைமைப் பரிமாறுநர் குனிந்து கத்தியை நீட்டினார்.

"யாருக்கு ஓய்வு?" என்றாள் கஞ்சியக்கா.

"உனக்குத்தாம்மா. சர்ப்ரைஸ்!" மகள் போனில் படம் எடுக்கத் தயாராக இருந்தாள்.

"கடையைக் காலி பண்ணினதும் சர்ப்ரைஸா?"

மகளின் கை தானாகக் கீழே இறங்கியது. "உனக்கு எப்படி..."

"மேசை சொல்லுச்சு."

பாட்டு நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் தட்டைப் பார்ப்பது போல நடித்தார்கள். மகளுக்குக் கண் நிரம்பியது. ஆனால் அவளும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே, குரல் இறங்கவில்லை.

"ஆமா, நாங்கதான் பண்ணினோம். அன்னிக்கு நீ கையைப் பொசுக்கிக்கிட்டு விழுந்து கிடந்தே. தூக்கிக்கிட்டு ஓடினது நான். இப்பவும் வேலை நேரத்துல போன் அடிச்சா, நீ விழுந்துட்டியோன்னுதான் எடுக்கறேன், தெரியுமா உனக்கு? சொன்னா கேக்கறியா நீ? எப்பக் கேட்டாலும் அடுத்த துணி, அடுத்த துணி!"

கஞ்சியக்காவுக்கு அந்தச் சொல் உறைத்தது. பொய்யென்று சொல்ல முடியாது. மகளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பிடித்தும் கொண்டாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"பயந்தே, சரி. என்கிட்ட வந்து கத்தியிருக்கணும். சண்டை போட்டிருக்கணும். ஊரை விட்டுக் கூட்டிட்டு வந்து, முதுகுக்குப் பின்னால கதவைச் சாத்துவியா? நான் என்ன குழந்தையா?"

பிறகு கத்தியை வாங்கினாள். 'ஓய்வு' என்ற சொல்லை மட்டும் கிரீமோடு வழித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். மிச்சக் கேக்கை வெட்டி மகளுக்கு ஒரு துண்டு, பாடியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு, தனக்குப் பெரிய துண்டு.

"சாப்பிடு. கேக்கு என்ன தப்பு பண்ணுச்சு?"

கூடம் மறுபடியும் கைதட்டியது. அந்தக் கப்பலில் எதற்கெடுத்தாலும் கைதட்டுவார்கள்.

கரை வந்ததும் முதல் வேலையாக அட்டைத் துண்டைக் கொடுத்து இஸ்திரிப் பெட்டியை மீட்டாள். வாடகைக் காரில் வீட்டுக்குப் போகலாம் என்ற மகளிடம், "நீ போ, நான் கடைக்குப் போறேன்" என்றாள். மகள் கூடவே ஏறிக்கொண்டாள்.

கடை வெறிச்சென்று இருந்தது. பெரிய இஸ்திரிப் பெட்டிகள் இல்லை, துணி அடுக்கும் பலகைகள் இல்லை. நடுவில் மேசை மட்டும் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் வியர்த்துக் கசங்கி மகன். வாசலில் போன் கடைக்காரர் மறுபடியும் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"நிமித்துடா அதை."

மகன் நிமிர்த்தினான். அவள் மூலையில் சுருண்டு கிடந்த கம்பளியை எடுத்து விரித்தாள், வெள்ளைத் துணியை இழுத்து நாலு மூலையும் செருகினாள்.

"அம்மா, இடம் தர்றேன்னு உங்க பையன் சொன்னாரு" என்றார் போன் கடைக்காரர்.

"அவன் இடம் அவன்கிட்ட இருந்தா வாங்கிக்கங்க. இது என் பேர்ல இருக்கு. நான் தரல."

அவர் மேசையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், அவளையும் ஒருமுறை பார்த்துவிட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

"மறுபடி நீ விழுந்துட்டா?" என்று மகன் கேட்டான். அவன் கண் அவள் கைத் தழும்பின்மேல் இருந்தது.

"விழுந்தா எழுந்துக்கறேன். எழுந்துக்கலைன்னா அப்பக் கேக்கு வெட்டுங்க. இப்பச் சட்டையைக் கழட்டு, பாக்கச் சகிக்கல."

சின்னப் பெட்டியை மின்சாரத்தில் செருகினாள். மகன் பனியனோடு நிற்க, மகள் எதுவும் கேட்காமல் டயர்க் கடையில் ஒரு ஸ்டூலை இரவல் வாங்கிவந்து போட்டாள். கஞ்சியக்கா அதை முறைத்தாள். பிறகு உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்துகொண்டு ஒரு சட்டையைத் தேய்த்தாள். காலரைக் கொஞ்ச நேரம் எடுத்தே தேய்த்தாள்.

"போட்டுக்க. நாளைக்குக் காலைல என் பெட்டியெல்லாம் இங்க இருக்கணும்."

பெட்டியை அணைத்துவைத்த நேரம் பார்த்து, மருந்துக் கடைக்காரர் கை நிறையத் துணியோடு வந்துவிட்டார். "வந்துட்டீங்களாக்கா! நல்ல வேளை. ரொம்ப அவசரம்."

"நாளைக்கு வாங்க. இன்னிக்கு எனக்கு ஓய்வு."

"கடை திறந்திருக்கே?"

"திறந்துதான் இருக்கும். ஓய்வு யாரும் எனக்குக் குடுக்கல, நானே எடுத்துக்கிட்டேன். இனிமே வாரத்துல ரெண்டு நாள் எடுப்பேன். எந்த ரெண்டு நாளுன்னு இன்னும் முடிவு பண்ணல."

மருந்துக் கடைக்காரர் துணியோடு திரும்பிப் போனார். அந்தத் தெருவில் யாரும் கண்டிராத காட்சி அது. மகனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கஞ்சியக்கா செருப்பைக் கழற்றினாள். ஸ்டூல்மேல் ஏறி, மேசையில் உட்கார்ந்து, காலை நீட்டி மல்லாந்து படுத்தாள். கடலைப் பார்த்துக்கொண்டு சாய்ந்திருந்த அதே மாதிரி கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டாள். இனி அந்த மேசையை யாராவது வெளியே எடுக்க வேண்டுமென்றால் அவளையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். கண்ணை மூடியவாறே சொன்னாள்.

"ஷட்டரைப் பாதி இறக்குடா. வெயில் மூஞ்சியில அடிக்குது."