அத்திம்பேரின் நூற்றிருபது டிகிரி

இந்த மாதத்தில் மட்டும் இரண்டு விண்கலங்களை உடைத்துவிட்டேன்.

பதற வேண்டாம். கம்ப்யூட்டரில்தான். ஞாயிறு மாலை நாலு மணிக்கு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆடும் விண்வெளி விளையாட்டு அது. எல்லோருக்கும் ஒரே கப்பல், ஆளுக்கொரு வேலை. கப்பலுக்கு 'ஹார்பர் லைன்' என்று எங்கள் செம்பூர் லோக்கல் ரயிலின் பெயரை வைத்திருக்கிறோம் – ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை என்பதால்.

பைலட் நான். நாலு மாதம் பயிற்சி எடுத்துப் பிடித்த ஸீட்.

கேப்டன் என் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர். தாணேயில் வீடு, ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெலிவரி ஹெட். நாலு பேர் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தால் அங்கே ஒரு பிராசஸ் கொண்டுவருபவர். அவர் போட்ட விதி இது: பைலட் தொடர்ந்து மூன்று முறை மோதினால் ஸீட் மாற்றம். அடுத்த பைலட் யார்? அதையும் யோசித்து வைத்திருந்தார். அவரேதான்.

இரண்டு மோதல் முடிந்துவிட்டது. மூன்றாவதற்கு ஒரு வாரம் இருந்தது.

இரண்டும் ஒரே மாதிரி மோதல். விண்வெளி நிலையத்தின் வாசலுக்குள் கப்பலை மெதுவாக நுழைக்க வேண்டும். வாசல் தூரத்தில், சின்னதாக, சமர்த்தாக இருக்கும். இன்னும் நேரமிருக்கிறது என்று நினைப்பேன். அடுத்த நொடி அது என் முகத்தில் இருக்கும்... அப்புறம் தீ, புகை, செம்பூரில் எனக்குத் தலைசுற்றல், குமட்டல்.

ஏன் இப்படி? இலவச ஆலோசனைக்கு நம்மிடம் என்றைக்குப் பஞ்சம்?

முதல் நோயறிதல், அத்திம்பேருடையது. "லேடீஸுக்கு ஸ்பேஷியல் சென்ஸ் கொஞ்சம் கம்மிம்மா. தப்பா எடுத்துக்காதே. சயன்ஸ் அப்படி." தாணே வீட்டு பார்க்கிங் தூணில் அவர் கார் பெயின்ட் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

இரண்டாவது, செல்வம். தாராவியில் அப்பாவோடு பை தைக்கும் பட்டறை நடத்துகிறான். எங்கள் கப்பலில் இன்ஜின் அவன் பொறுப்பு. "யக்கா, வெறும் வயித்துல ஓட்டுதிய. ரெண்டு வடாபாவ் தின்னுட்டு உக்காருங்க, ஏக்தம் சரியாயிரும்."

மூன்றாவது, என் மாமியார். கல்யாணமாகி எட்டு மாதமான மருமகள், இரண்டு ஞாயிறாக மாலை ஐந்து மணிக்கு வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுகிறாள். அவர் வேறு என்னதான் நினைப்பார்?

"ஏன்டிம்மா, நாள் தள்ளிப் போயிருக்கா?"

"இல்லைம்மா. கப்பல் சுத்தறது."

"எந்தக் கப்பலோ! எதுக்கும் இந்த நார்த்தங்காயை வாயில போட்டுக்கோ." குரலில் நம்பிக்கை குறையவே இல்லை. கீழ்வீட்டு மாமி லிஃப்ட்டில் என்னைப் பார்த்து ஒரு மாதிரி புன்னகைத்ததிலிருந்து, செய்தி கட்டிடத்தில் எத்தனை மாடி இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நான் பட்டியல் போடுகிறவள். முந்தைய மாதம் வரை ஒழுங்காக ஓட்டினேன். அதற்குப் பிறகு என்னென்ன மாறியது? கண்ணாடி பவர் – இல்லை. மௌஸ் – இல்லை. திவான் மெத்தை – இல்லை. கடைசி வரியில் ஒன்று அகப்பட்டது. ஃபீல்டு ஆஃப் வியூ.

கப்பலின் முன் ஜன்னல் வழியாக எத்தனை டிகிரி அகலத்துக்கு உலகம் தெரிய வேண்டும் என்று செட்டிங்ஸில் ஒரு எண் இருக்கும். மூன்று வாரம் முன்பு அத்திம்பேர் எங்கோ படித்துவிட்டு, வீடியோ காலில் எங்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்து, எல்லா கம்ப்யூட்டரிலும் அதை நூற்றிருபது ஆக்கினார். "டீம்னா ஸ்டாண்டர்டைசேஷன் வேணும்."

நாங்களும் மாற்றிக்கொண்டோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எஞ்சினியரிங் படித்த நானும்தான்.

லோக்கல் டிரெயினில் ஜன்னலோரம் மூக்கை ஒட்டி உட்கார்ந்தால் பாதி ஊர் தெரியும். மூன்று பேர் ஸீட்டில் நாலாவது ஆளாக நுனியில் தொங்கினால் ஒரு துண்டு வானம்தான். ஸ்கிரீனும் ஜன்னல்தான். அத்திம்பேர் வீட்டில் அதற்கென்றே ஒரு அறை. அதில் மூன்று பெரிய ஸ்கிரீன்கள் அவரைக் கோயில் பிராகாரம் மாதிரி சுற்றி நிற்கின்றன. அவருக்கு நூற்றிருபது பொருந்தும். எனக்கு இருப்பது ஒரே ஒரு ஸ்கிரீன். அதற்குள் அதே நூற்றிருபது டிகிரி உலகத்தை அமுக்கினால் என்ன ஆகும்? வண்டிகளின் பக்கக் கண்ணாடியில் ஆவதுதான். எல்லாம் சின்னதாகும், தூரமாகத் தோன்றும். ஓரங்கள் இழுபட்டு வேகமாக ஓடும். பிரேக் தாமதமாகும், வயிறு புரளும்.

உட்காரும் தூரத்தைச் சரிசெய்யுங்கள், நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்துங்கள் என்கிறது இணையம். எந்த நாற்காலி? எங்கள் வீட்டில் சுவரில் ஒரு மடக்கு மேசை, எதிரே திவான், திவானுக்குப் பின்னால் இரும்பு பீரோ. இன்னும் பின்னுக்குப் போக வேண்டுமானால் பக்கத்து ஃபிளாட்டில்தான் உட்கார வேண்டும். நகரக்கூடியது இந்த வீட்டில் ஒன்றே ஒன்று – அந்த எண்.

மாமியாரின் தையல் டேப்பை வாங்கினேன். ஸ்கிரீன் அகலம் இருபத்தோரு இன்ச். ஸ்கிரீனிலிருந்து என் கண்ணுக்கு?

"அம்மா, இந்த நுனியை என் புருவத்துக்கிட்ட பிடிச்சுக்கோங்கோ."

பிடித்துக்கொண்டார். "பதினெட்டு. இது எதுக்குடி? டாக்டர் கேட்டாளா?"

கணக்குப் போட்டால் அறுபது டிகிரியும் கொஞ்சமும் வந்தது. நூற்றிருபதில் பாதி! அறுபதில் வைத்தால் எரிபொருள் முள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக ஏற்றி எழுபத்திரண்டில் நிறுத்தினேன். வாசல் வாசல் அளவுக்குத் தெரிந்தது. நார்த்தங்காய் தேவைப்படவில்லை.

செல்வத்துக்கு போன் செய்து சொன்னேன்.

"எனக்கும் சுத்தத்தான் செய்யுதுக்கா. சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

"ஏன்டா?"

"தாணேல மூணு ஸ்கிரீன் வச்சிருக்க அண்ணாச்சிக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போவுது?"

இதுதான் விஷயம். இந்த ஊரில் யாருக்குப் பெரிய அறை இருக்கிறதோ, அவர் வைத்ததுதான் சரியான எண். வேலை செய்யத் தனி மூலை ஒதுக்குங்கள் என்பார்கள். பால்கனியில் அரை மணி நேரம் நடங்கள் என்பார்கள். நாமும் நம் பத்துக்குப் பத்தில் நடந்து பார்த்து, முட்டி இடித்துக்கொண்டு, தப்பு நம் முட்டியில்தான் என்று தைலம் தடவுவோம்.

மூன்றாவது ஞாயிறு. நிலையம் நெருங்கியது. நான் பிரேக்கில் கை வைத்தேன். இன்னும் பழைய எண்ணிலேயே இருந்த செல்வம் பதறினான்.

"யக்கா, இன்னும் எம்புட்டோ தூரம் கெடக்கு. இப்பமே ஏன் பிரேக்கு?"

"உனக்குத்தான்டா தூரம் கெடக்கு."

ஸீட் தன் கைக்கு வரப்போகிறது என்று அத்திம்பேர் ஹெட்போனைச் சரிசெய்துகொள்ளும் சத்தம் கேட்டது. கப்பல் வாசலுக்குள் நுழைந்து, ஒரு சிறு குலுக்கலோடு நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. தாமதம் மட்டும் வழக்கம்போல் இருந்தது. பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

"பார்த்தியா, பிராக்டீஸ்தான் முக்கியம்" என்றார் அத்திம்பேர்.

காரணத்தைச் சொன்னேன். வரிசையாகவும் எழுதி குரூப்பில் போட்டேன்: ஸ்கிரீனை அளக்கவும், கண்ணிலிருந்து தூரத்தை அளக்கவும், கணக்குக்கான சூத்திரம் இது, எனக்கு எழுபத்திரண்டு, வீட்டுக்கு வீடு விடை மாறும். டேப்பின் போட்டோகூடப் போட்டேன். நாலு கட்டைவிரல்கள் வந்தன. பின்னாலேயே கேப்டனின் அறிவிப்பு: "எல்லாரும் 72-க்கு மாத்திக்கோங்கோ. புது ஸ்டாண்டர்ட்."

உடனே மறுத்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என் எண் ஐந்து வீட்டில் ஓடப்போகிறது என்பது கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது... உங்களிடம் மறைப்பானேன்?

நேற்று அக்கா போன் செய்தாள். "என்னடி நம்பர் குடுத்தே அவருக்கு? நேத்து சாயந்திரம் அதைப் போட்டுண்டு ஒரு மணி நேரம் ஓட்டினார். அப்பலேர்ந்து தலை சுத்தறது, பெரட்டறதுங்கறார். சாதம் வேண்டாம்னுட்டார்."

மூன்று ஸ்கிரீனில் எழுபத்திரண்டு! உலகமே பூதாகரமாக எழுந்து முகத்தில் மிதந்திருக்கும். பாவம்.

போனை வைத்துவிட்டு மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அவருக்கு எத்தனை நாள் தள்ளிப் போயிருக்காம்?"