வெண்கலத்துக்கு விழுந்த சிவப்புப் புள்ளிகள்

வாஷிங் மெஷின் பழுதானால் போன் செய்து புலம்புவதற்கென்று ஒரு எண் உண்டு. அந்தப் புலம்பல்கள் வந்து சேரும் நீண்ட அறையில், ஜன்னலோர மேசை வெண்கலத்துடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் போனை எடுத்து "வணக்கம்" என்றாள். பக்கத்து மேசைக்காரி மடியில் டீயைக் கொட்டிக்கொண்டாள். அன்றே பெயர் மாறிவிட்டது.

அதற்கு முன் அவள் நெசவாலையில் இருந்தவள். தறிகளின் இரைச்சலில், தோளை ஒட்டி நிற்பவளிடம் நூல் அறுந்ததைச் சொல்லவே தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். ஆலையை மூடினார்கள், தொண்டை மூடவில்லை. கணவர் லாரி மெக்கானிக், அவருக்கும் அதே வாகு. இருவரும் கொஞ்சிப் பேசினால்கூட எதிர்வீட்டார் சமாதானம் செய்ய வந்துவிடுவார்கள்.

இந்த வேலைக்கு அந்தத் தொண்டை தோதாகத்தான் இருந்தது. போன் செய்பவர்களில் பாதிப்பேர் தடதடவென்று ஆடும் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று பேசுகிறவர்கள். வெண்கலம் சொன்னால் மட்டும் ஒரே தடவையில் காதில் விழும்.

கம்பெனி புதிதாக ஒரு மென்பொருள் வாங்கும்வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. அது அழைப்புகளைக் கேட்டு, ஊழியரின் மனநிலையைக் கணித்துப் புள்ளி வைக்கும். பச்சை என்றால் கனிவு, சிவப்பு என்றால் கோபம். வெண்கலத்தின் திரை அம்மை போட்ட முகம் மாதிரி ஆனது.

மேற்பார்வையாளர் அவளைவிட இளையவர். தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அக்கா, இப்படியே போனா உங்களை மெசேஜ் பிரிவுக்கு மாத்தச் சொல்றாங்க. அங்க டைப் அடிச்சாப் போதும். பேசவே வேண்டாம்."

"பேசாம நான் எப்படி சார் உயிரோட இருக்கிறது? எனக்குக் கோபமே வரலையே!"

"இப்பகூட கத்துறீங்க."

"இது கத்துறதா? கத்தினா உங்க மூக்குக்கண்ணாடி கீழ கிடக்கும்."

குரலைத் தணித்துப் பார்த்தாள். மறுமுனையில், "ஹலோ, லைன்ல யாராச்சும் இருக்கீங்களா?" என்று வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலையிடத்தில் ஊழியரின் மனநிலையை இயந்திரம் கொண்டு அளக்கக் கூடாது; அவர்களைப் பற்றிச் சேர்த்துவைத்ததை, அவர்கள் கேட்டால் காட்ட வேண்டும். கம்பெனி புள்ளிகளை நிறுத்தியது. மாற்றல் யோசனையை மட்டும் விடவில்லை. பழைய அழைப்புகளை மேற்பார்வையாளரே காதால் கேட்டு முடிவு சொல்லட்டும் என்றது.

"நானும் உக்காந்து கேப்பேன் சார். எனக்கு அந்த உரிமை இருக்காமே" என்று வெண்கலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் சிவப்பு ஒரு பெரியவருடையது. தண்ணீர் வெளியே போகவில்லை என்கிறார்.

"ஐயா, பின்னாடி குழாய் மடங்கியிருக்கா பாருங்க!"

"மடங்கித்தான் இருக்கும்மா. மேல பூனை படுத்திருக்கு."

"எழுப்புங்க!"

"பாவம், இப்பதான் தூங்குது."

பதிவில் இருவரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளரும் சிரித்துவிட்டார். "இதுக்கா கோபம்னு வெச்சது!"

இன்னும் சில சிவப்புகள் அப்படியே கழிந்தன. அடுத்தது பச்சை. ஒரு ஆள், பழுது பார்க்க வந்த பையனைத் திருடன் என்று வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். வெண்கலத்தின் குரல் பட்டுப்போல இறங்கி வருகிறது: "நீங்க சொல்லி முடிங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எவ்வளவு பொறுமை!" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம் என்று தெரியாதவள் அல்ல.

"பொறுமை இல்ல சார். அன்னிக்கு அந்த ஆள் நேர்ல இருந்திருந்தா அறைஞ்சிருப்பேன். எனக்குக் கோபம் வந்தா குரல் இறங்கிடும்."

அவர் திரையில் அந்தப் பச்சைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார். "அப்போ இத்தனை மாசமா உங்க கோபத்துக்குத்தான் பச்சை விழுந்திருக்கு."

"கோபம் வந்தது அந்த ஒரு தடவைதான் சார். சட்டப்படி ஒளிக்கக் கூடாதுல்ல?"

"அது எங்களுக்குத்தான்க்கா. உங்களுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்ல."

சிரித்தபடியே கணினியைத் தன் பக்கம் திருப்பித் தட்டினார். வெண்கலம் அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "போன் பிரிவிலேயே தொடரலாம்."

மனதுக்குள்தான் படித்ததாக அவள் நினைப்பு. அறையின் அந்தக் கோடியிலிருந்து கைத்தட்டல் கேட்டது.